செங்காந்தளுக்கு நிலம் பார்த்துச் சொல்லும் சேவை: வேதாரண்யம் நிலத்துக்கு வாங்கிய அறிக்கை பற்றிய மதிப்பீடு

ஊரில் பூர்வீக நிலமும் சிங்கப்பூரில் வேலையும் குடும்பமுமாக வாழ்பவர்களுக்கு, அந்த நிலத்தில் எந்த மருத்துவப் பயிர் தேறும் என்று ஆய்ந்து அறிக்கை தரும் ஒரு தனியார் சேவையை எங்கள் குடும்பம் இந்த ஆண்டு பயன்படுத்தியது. நாங்கள் கேட்ட பயிர் செங்காந்தள். உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று சொல்வது இதைத்தான். நிலம் வேதாரண்யத்துக்கு அருகில் அப்பா வழியில் வந்தது. இப்போது சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். அறிக்கையில் பாராட்ட வேண்டியவையும் திருத்த வேண்டியவையும் கலந்திருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துவிட்டு, பெற்ற சேவையின் தரத்தை மட்டும் எழுதுகிறேன். இதே வேலையை வேறு எவரிடம் ஒப்படைத்தாலும் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

முதலில், இந்தப் பயிருக்கு நிலத் தேர்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் விதையில் கோல்சிசின், கோல்சிகோசைடு ஆகிய வேதிப்பொருள்கள் இருப்பதால் மருந்து நிறுவனங்கள் அதை வாங்குகின்றன. கோல்சிசின் நெடுங்காலமாகக் கீல்வாத வலிக்குத் தரப்படுகிறது. 2023 ஜூன் மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 0.5 மில்லிகிராம் கோல்சிசின் மாத்திரையை இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கும் மருந்தாகவும் அனுமதித்தது. மதிப்புள்ள பயிர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மதிப்பைப் பெறுவதற்கு முன்பே உழவர் பெரும் முதலீட்டை மண்ணுக்குள் புதைக்க வேண்டியிருக்கிறது. 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளை நட்டால் ஏக்கருக்குச் சுமார் 15,000 கிழங்குகள், அதாவது 750 முதல் 900 கிலோ வரை தேவைப்படும். நன்றாகப் பராமரித்தால் அதே கிழங்குகள் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பலன் தரும். நீர் தேங்கி அழுகினால் அந்த ஆண்டின் விதையோடு வரும் ஆண்டுகளின் விளைச்சலும் சேர்ந்து போய்விடும். ஆகவே இந்தப் பயிருக்கு நிலம் பார்ப்பவர் எல்லாவற்றுக்கும் முன்னால் விடை காண வேண்டிய கேள்வி, ஐப்பசி, கார்த்திகை மழை அந்த நிலத்திலிருந்து எப்படி வெளியேறுகிறது என்பதுதான். இந்தச் சேவையை நான் அந்தக் கேள்வியை வைத்தே அளக்கிறேன்.

கட்டணம் ஐந்நூறு வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. பட்டா, சிட்டா, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்பட நகல் ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். தமிழ்நாட்டு அரசின் இணையச் சேவை வழியாக அவற்றை இங்கிருந்தே எடுக்க முடிந்தது. பின்னர் அவர்களுடைய களப் பணியாளர்கள் சித்திரை மாத வெயிலில் நிலத்துக்கு நேரில் சென்றார்கள். இறுதியில் கைக்கு வந்த அறிக்கையில் வரைபடங்கள், களக் குறிப்புகள், ஆய்வக முடிவுகள் என மூன்று பகுதிகள் இருந்தன. முழுவதும் தமிழில் இருந்ததால் அதைச் சித்தப்பாவே படித்து, தமக்குத் தெரிந்ததோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்க முடிந்தது. இதை ஒரு சிறு வசதியாக நான் கருதவில்லை. நிலத்தை உழப்போகிறவர் படிக்க முடியாத அறிக்கை, சிங்கப்பூரில் அலமாரியில் கிடக்கும் காகிதமாகவே முடிந்துவிடும்.

மூன்று பகுதிகளில் வலுவற்றது வரைபடப் பகுதி. மண் பற்றிய தரவை உலக அளவிலான ஒரு பொதுத் தளத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு கட்டம் 250 மீட்டர் அகலம் கொண்டது, அதாவது ஏறத்தாழ 15 ஏக்கர். எங்கள் நிலம் முழுவதும் அப்படிப்பட்ட ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. வேதாரண்யம் பகுதியை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். அங்கே மணல்மேடும் களிமண் பள்ளமும் ஒரு வரப்பின் இருபுறமும் இருக்கக்கூடும். மேட்டில் முல்லையும் மாவும், பள்ளத்தில் நெல்லும் நிற்பதை ஆயக்காரன்புலம், செம்போடைப் பக்கம் எங்கும் காணலாம். நில உயரத்துக்குப் பயன்படுத்திய செயற்கைக்கோள் தரவு 30 மீட்டர் கட்டங்களைக் கொண்டது என்றாலும், அதன் உயரக் கணிப்பில் சில மீட்டர் பிழை இயல்பாகவே உண்டு. மலையடிவாரத்தில் அந்தப் பிழை பொருட்படுத்தத் தக்கதன்று. கடலை ஒட்டிய சமவெளியில் அரை மீட்டர் உயரம்தான் கிழங்கு பிழைப்பதையும் அழுகுவதையும் தீர்மானிக்கிறது.

இதைவிடக் கவலை தந்தது, அந்தத் தரவுகளைக் கொண்டு மதிப்பெண் போட்ட முறை. மழையளவு, உயரம், மண் நயம் (மணலும் களியும் கலந்திருக்கும் விதம்), கார அமில நிலை (pH), மக்கிய பொருள்களால் மண்ணில் சேரும் அங்ககக் கரிமம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டி, பொருத்தமான இடத்துக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள் என்று வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். எடைகளை முடிவு செய்யத் தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் 1970களில் வகுத்த, காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை காணும் படிநிலைப் பகுப்பாய்வு முறையைக் கையாண்டிருக்கிறார்கள். நிலப் பொருத்த ஆய்வுகளில் அது பரவலாகப் பயன்படும் முறைதான். ஆனால் கூட்டல் கணக்கில் ஓர் ஆபத்து இருக்கிறது. கார அமில நிலையும் கரிமமும் நன்றாக இருந்தால், வடிகால் மோசமாக இருப்பதை அவை ஈடுகட்டி மொத்த மதிப்பெண்ணை உயர்த்திவிடும். கிழங்குக்கு அப்படி ஈடுகட்டத் தெரியாது. நீர் நின்றால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் அது அழுகும். எங்கள் வரைபடத்தில் நடந்தது அதுவேதான். களி கலந்த, கரிமம் கூடிய பள்ளப் பகுதி பச்சையாகவும், சத்துக் குறைந்த மணல்மேடு மஞ்சளாகவும் காட்டப்பட்டிருந்தன.

இதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருக்கிறது. செங்காந்தளுக்கு வேளாண் பரிந்துரைகள் கூறும் சூழல் செம்மண் கலந்த, நன்கு நீர் வடியும் நிலம், 6.0 முதல் 7.0 வரை கார அமில நிலை. ஆண்டுக்குச் சுமார் 70 சென்டிமீட்டர் மழை. கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் வரை உயரம். இந்த எண்கள் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரத்துச் செம்மண் காடுகளுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் அந்த வட்டாரம்தான் இந்தப் பயிரின் தாய்வீடு போல விளங்குகிறது. வேதாரண்யத்தில் மழை அதைவிட மிக அதிகம். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், செடி பூத்துக் காய்க்கும் அதே மாதங்களில் கொட்டுகிறது. அப்படியிருந்தும் அங்கே செங்காந்தள் பயிராகிறது. பெய்த நீரை மணல் உடனே கீழே விட்டுவிடுவதுதான் காரணம். மேற்கு மாவட்டங்களுக்கான அட்டவணையைக் கடலோரத்துக்கு அப்படியே பொருத்தினால், மணல் என்பதற்காக மேடு மதிப்பெண் இழக்கும். எந்தக் குணத்தால் அங்கே பயிர் பிழைக்கிறதோ அந்தக் குணமே குறையாகக் கணக்கிடப்படும். அட்டவணையை வட்டாரத்துக்கேற்பத் திருத்தாமல் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றையே பயன்படுத்துவதை இந்த நிறுவனம் நிறுத்த வேண்டும்.

வரைபடத்தோடு அறிக்கை முடிந்திருந்தால் இந்தச் சேவையை எவருக்கும் பரிந்துரைத்திருக்க மாட்டேன். களக் குறிப்புகள்தான் கொடுத்த பணத்துக்கு உண்மையான மதிப்பைத் தந்தன. நிலத்தின் மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனியே ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழியின் சுவரை மேலிருந்து கீழாகப் படம் பிடித்து, ஒவ்வோர் அடுக்கின் நிறம், ஈரம், மண் நயம் ஆகியவற்றைக் குறித்திருக்கிறார்கள். மேட்டுக் குழியில் அடிவரை வெளிர் மணல். பள்ளத்துக் குழியில் முழங்கால் ஆழத்துக்குக் கீழே மண் சாம்பல் நிறமாக மாறுகிறது. அதில் பழைய வேர் சென்ற வழிகளை ஒட்டித் துருப்போன்ற செம்புள்ளிகள் காணப்படுகின்றன.

அந்தச் சாம்பல் நிறமும் துருப்புள்ளியும் எதைச் சொல்கின்றன என்பதை அறிக்கை தெளிவாக விளக்கியிருந்தது. மண்ணுக்குள் நீர் நீண்ட காலம் நின்றால் காற்று வெளியேறிவிடும். அப்போது மண்ணுக்குச் செந்நிறம் தரும் இரும்பு வேதி மாற்றம் அடைந்து நீரில் கரையும், மண் வெளுத்துச் சாம்பலாகும். நீர் வடிந்து வேர்த்துளை வழியாகக் காற்று மீண்டும் புகும் இடத்தில் இரும்பு திரும்பத் துருவாகப் படியும். ஆகவே கடுங்கோடையில் மண் வெடித்துக் கிடக்கும்போது தோண்டினாலும், மழைக்காலத்தில் நீர் எந்த ஆழம் வரை எழும்பி நின்றது என்பதைக் குழியின் சுவர் காட்டிவிடுகிறது. பக்கத்திலிருந்து சொல்ல ஊரார் எவரும் இல்லாத வெளியூர் நிலத்துக்கும் இந்தச் சாட்சி கிடைக்கும். நிலத்தை நேரில் பார்க்க அடிக்கடி பறந்து போக முடியாத நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு படம் இருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்வேன்.

இதோடு நீர் உறிஞ்சும் வேகத்தையும் அளந்திருந்தார்கள். ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, ஒருமுறை நீர் நிரப்பி மண்ணை ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் எளிய சோதனை அது. முதல் முறை வறண்ட மண் ஆவலோடு குடிக்கும் வேகத்தை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் ஊறவிட்ட பின் அளந்தது, களப் பணியாளர்களின் பயிற்சியைக் காட்டுகிறது.

குழிகளைப் பார்த்த பின்பு களப் பகுதியை எழுதிய வேளாண் பட்டதாரி, முதல் பகுதியின் முடிவைத் திருத்தி எழுதியிருக்கிறார்: மேடு நடுத்தரப் பொருத்தமாகவே இருக்கிறது, பள்ளம் இந்தப் பயிருக்குப் பொருத்தமற்றது. இந்தப் பகுதியில் அவர் பின்பற்றியது ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு 1976இல் வகுத்த நில மதிப்பீட்டு முறையின் தர வரிசையை. அதைச் செயல்படுத்தும்போது எந்தக் காரணி மிக மோசமாக இருக்கிறதோ அதுவே நிலத்தின் தரத்தை முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறார். கிழங்குப் பயிருக்கு இதுவே ஏற்ற வழி என்பது என் கருத்து. ஒரே அறிக்கையில் ஒரு பகுதி பச்சை என்கிறது, அடுத்த பகுதி பொருத்தமற்றது என்கிறது. எதை நம்புவது என்ற குழப்பத்தைத் தீர்க்க ஒரு வரிகூட முன்பக்கத்தில் இல்லை. நான் கேட்ட பின்புதான் களப் பகுதியின் முடிவே இறுதியானது என்று எழுத்தில் தந்தார்கள். முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கிழங்கு வாங்கக் கிளம்பும் ஒருவருக்கு இது எவ்வளவு இழப்பைத் தரும் என்பதை அந்த நிறுவனம் உணர வேண்டும்.

மேட்டுக்கு ஏன் மிகப் பொருத்தம் என்ற தரம் கிடைக்கவில்லை என்பதற்கான விளக்கமும் நேர்மையாக இருந்தது. மணல் மழைநீரைப் பிடித்து வைக்காது என்பதால், ஆனி, ஆடியில் நட்டு வடகிழக்குப் பருவம் தொடங்கும்வரை பாசனம் தர வேண்டும். கடலோர மணலுக்கு அடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகியோர் பெயரால் வழங்கும் கணக்கு. அதன் மறுபக்கம், மோட்டார் வைத்து மட்டத்தைச் சிறிது குறைத்தாலும் உப்புநீர் பல மடங்கு மேலேறும் என்பது. ஆழ்துளைக் கிணறு வேண்டாம், மணலில் ஆழமில்லாத குட்டை வெட்டி ஊற்றுநீரை அளவாகப் பயன்படுத்துங்கள் என்று அறிக்கை கூறுகிறது. வேதாரண்யத்து உழவர்கள் தலைமுறைகளாகச் செய்துவருவதும் இதுவே என்று சித்தப்பா சொன்னார். அகஸ்தியன்பள்ளி உப்பளங்கள் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் இந்த எச்சரிக்கை ஓர் அதிகாரத்தையே நிரப்பியிருக்கலாம். அறிக்கை ஒரு பத்தியோடு நிறுத்திவிட்டது.

ஆய்வக முடிவுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. இந்திய அரசு 2015 முதல் வழங்கும் மண்வள அட்டையிலும் ஏறக்குறைய இதே 12 அளவுகள் உள்ளன. ஊரில் ஏற்கெனவே அட்டை பெற்றவர்கள் இதற்குத் தனியாகப் பணம் தர வேண்டுமா என்று யோசிக்கலாம். ஆனால் அந்த அட்டையின் 12 அளவுகளில் மண் நயமோ வடிகாலோ இல்லை என்பதை மறக்கக்கூடாது. செங்காந்தளுக்கு முதன்மையான இரண்டும் அதில் கிடையா. மாதிரி எடுத்த விதத்தில் குறை காண முடியவில்லை: வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, பல இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து, நான்காகப் பங்கிட்டு அரை கிலோவாகக் குறைத்து அனுப்பியிருக்கிறார்கள். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒன்றாகக் கலக்கவில்லை. முன்பு அங்கே நிலக்கடலை போட்டதுண்டா, அதில் தண்டழுகல் வந்ததா என்று கேட்டுக் குறித்ததும் நல்ல பழக்கம். அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சை செங்காந்தள் கிழங்கையும் அழுக வைக்கும்.

காற்றைப் பற்றி அறிக்கை எதுவும் சொல்லவில்லை. செங்காந்தள் இலை நுனியால் பற்றிப் படரும் கொடி. கம்பிப் பந்தலோ விராலி, கிளுவை போன்ற உயிர்த்தாங்கியோ வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்று தென்னைகளையே சாய்த்தது. அந்தத் தேதி செங்காந்தள் காய் பிடிக்கும் காலத்துக்குள் விழுகிறது. புயலை எந்த அறிக்கையும் தடுக்காது. ஆயினும் நிலத்தின் எந்தப் பக்கம் மரவேலி இருக்கிறது, கடற்காற்றுக்கு எது மறைவான மூலை, பந்தல் எவ்வளவு உயரம் போகலாம் என்பவை நிலம் பார்ப்பவர் சொல்ல வேண்டியவை. கடலோர நிலத்துக்கு இந்தப் பகுதியை இனிச் சேர்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ஆள் வசதியையும் அவர்கள் நிலத்தின் குணங்களில் ஒன்றாகக் கருதவில்லை. செங்காந்தள் பூவில் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடிந்து நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலை நேரத்தில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்தால்தான் விளைச்சல் கூடும். பூக்கும் வாரங்கள் முழுவதும் இதற்கு ஆள் வேண்டும். ஊரிலிருந்து விலகி, விடியற்காலையில் பெண்கள் வந்துபோக வழியில்லாத மண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தப் பயிருக்கு ஏற்ற நிலமென்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நச்சுத்தன்மை பற்றிய மௌனத்தை இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. கிழங்கு மிகக் கொடியது, வேறு உண்ணும் கிழங்கென்று எண்ணி உட்கொண்டவர்கள் உயிரிழந்ததுண்டு. மேய்ச்சல் வழியை ஒட்டிய நிலமா, வேலி உண்டா, பிள்ளைகள் புழங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவு, தோண்டிய கிழங்கைப் பூட்டி வைக்க இடம் உண்டா என்பவற்றைப் பார்க்காமல் ஓர் இடத்தைப் பொருத்தமானது என்று முத்திரை குத்தக்கூடாது. இதில் கூடுதல் செலவும் இல்லை; களத்துக்குச் சென்றவர்கள் சுற்றிப் பார்த்து நான்கு வரி எழுதினால் போதும்.

சிங்கப்பூர் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று சட்டம். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்பவர்களும், வெளிநாட்டு இந்தியர் (OCI) அட்டை வைத்திருப்பவர்களும் இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வருவதைப் பெற்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சேவையின் விலைப்பட்டியலில் புதிய நிலம் தேடித் தருவதும் ஓர் அங்கமாக இருக்கிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் இந்தக் கட்டுப்பாட்டைச் சொல்லாமல் விட்டது சரியன்று. இங்குள்ள நண்பர்கள் சிலர், தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகளில் இதை வளர்க்கலாமா என்றும் கேட்டார்கள். அழகுக்குத் தொட்டியில் வளரும். ஆனால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை எல்லா மாதங்களிலும் பரவிப் பெய்யும் சிங்கப்பூரில், காய் முற்றவும் கிழங்கு உறங்கவும் தேவையான நீண்ட வறட்சி கிடைக்காது. பலரும் நடமாடும் இடத்தில் நஞ்சுச் செடியை வைப்பதும் பொறுப்பான செயலாகாது.

வாடிக்கையாளர் சேவை பணிவாகவும் விரைவாகவும் இருந்தது. அறிக்கை வந்த பின் காணொளி வழியாக, சித்தப்பாவும் இங்கிருந்து நாங்களும் சேர்ந்து அந்த வேளாண் பட்டதாரியிடம் பேச ஒரு மாலை ஏற்பாடு செய்தார்கள். "பள்ளத்துல நெல்லே இருக்கட்டும் தம்பி, மேட்டுல கொஞ்சமாப் போட்டுப் பாப்போம்" என்று சித்தப்பா சொன்னதை அவர் மறுக்கவில்லை. முதல் ஆண்டில் கால் ஏக்கருக்கு மேல் வேண்டாம் என்று அவரும் சேர்த்துச் சொன்னார். விற்பனையை முன்னிறுத்தும் ஒருவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார். விதையை வாங்குவோர் சிலரே, விலை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், களப் பகுதிக்கு ஐந்தும் வரைபடப் பகுதிக்கு ஒன்றும் தருவேன். இந்த நிறுவனத்திடம் செல்பவர்கள் வரைபடம் மட்டும் அடங்கிய குறைந்த விலைத் திட்டத்தைத் தவிர்த்து, குழி தோண்டும் திட்டத்தையே கேளுங்கள். எத்தனை குழி, எந்தெந்த இடத்தில் என்பதைப் புலப்படத்தில் குறித்து முன்கூட்டியே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். நிலத்தில் மேடு பள்ளம் இருந்தால் ஒரே குழியோடு ஒப்புக்கொள்ள வேண்டாம். கூடுதல் கட்டணத்துக்கு நவம்பரில் ஒருமுறை வந்து, குழாய் இறக்கி நிலத்தடி நீர்மட்டத்தையும் அதன் உப்பையும் அளந்து தருகிறார்கள். விளம்பரத்தில் அது இல்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். நாங்கள் அதற்குப் பணம் கட்டிவிட்டோம். அந்த அளவு வந்த பிறகே விதைக்கிழங்குக்கு முன்பணம் கொடுப்பது என்று சித்தப்பாவோடு பேசி முடிவு செய்திருக்கிறோம்.